ஆறு வரிப் பெல்ட், மேற்படி

தெருவில் அவருக்கு மீட்டர் என்றுதான் பெயர். குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அந்த வேலையில் எல்லாரும் செய்யும் ஒரு சின்னத் தப்பை அவர் ஒருநாளும் செய்ததில்லை. வீடு பூட்டியிருந்தாலோ, நாய் அவிழ்ந்து கிடந்தாலோ, மீட்டர் குழியில் மழைத் தண்ணீர் நின்றாலோ, மற்றவர்கள் போன மாதத்து அளவுக்கு நேர் கீழே 'மேற்படி' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். மீட்டர் மறுநாள் வருவார். அதற்கு மறுநாளும் வருவார். குழித் தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றிவிட்டு, முட்டி போட்டு, கண்ணாடியைத் துடைத்துப் படித்து எழுதுவார். "மேற்படின்னா நான் பாக்கலன்னு அர்த்தம்" என்பது அவர் பேச்சு. இவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு தெர்மாமீட்டர் வைத்து ஒத்துப் பார்ப்பார் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். அது பாதி உண்மை.

அப்படிப்பட்டவர் ஒரு கார் வைத்திருந்தால் அதற்கு ஒரு நோட்டு இல்லாமல் இருக்குமா. நீல அட்டை, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வண்டி வாங்கிய அன்று தொடங்கியது. தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய சாமான், அதன் அளவு, மாற்றிய ஆள் என்று ஐந்து கட்டம். டயரில் காற்று அடித்ததுகூட உண்டு.

அந்த வண்டியை அவர் இன்னும் வைத்திருந்ததற்குக் காரணம் ஆசை இல்லை. காரணம் அவர் மனைவி. அந்த அம்மாள் பள்ளிச் சீருடை தைப்பவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் துணிக்கட்டோடு மாடிப்படியில் விழுந்து இடது கால் நொறுங்கியது. தொடையிலிருந்து கீழ்க்கால் வரை கம்பி வைத்தார்கள். கால் நின்றது, முழங்கால் மடங்கவில்லை. நீட்டிய கால் நீட்டியபடியே. எந்தக் காரிலும் அந்தக் காலுக்கு இடமில்லை. இரண்டு முறை வாடகைக் காரில் ஏற்றிப் பார்த்தார்கள். முதல் முறை கதவு மூடவில்லை. இரண்டாம் முறை கதவு மூடியது, ஆனால் அவர் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். அதன்பிறகு மீட்டர் தன் வண்டியின் முன்சீட்டுத் தண்டவாளத்தை எட்டு அங்குலம் பின்னால் தள்ளிப் பொருத்தினார். எதிரே இருந்த சாமான் பெட்டியைக் கழற்றி எறிந்தார். கால் நேராக உள்ளே போனது. கதவு மூடியது.

அந்த ஒரு சீட்டுதான் அந்த அம்மாளுக்கு வெளியுலகம். சனிக்கிழமை தோறும் துணிக்கடைத் தெருவுக்குப் போவார்கள். மீட்டர் ஓரமாக நிறுத்துவார். கடைக்காரர்கள் துணிச் சுருளைக் கார் சன்னலுக்கே கொண்டுவந்து விரிப்பார்கள். அவர் விரலால் தேய்த்துப் பார்ப்பார், சாயம் போகுமா என்று எச்சில் தொட்டுப் பார்ப்பார், பத்துக்கு ஒன்று வாங்குவார். வேறு வண்டி வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை. "ஆம்புலன்ஸ்ல துணிக்கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்களா, கேட்டுச் சொல்லுங்க" என்று அந்த அம்மாள் ஒருமுறை கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

இப்போது சட்டம் இப்படி இருந்தது. இருபது வருடம் தாண்டிய வண்டியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆய்வு மையத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். குறித்த தேதிக்குள் தேறினால் இன்னும் இரண்டு வருடம். தேறாமல் தேதி கடந்தால் பதிவு ரத்து. பிறகு அது வண்டி இல்லை, இரும்பு.

தேதிக்குப் பதினொரு நாள் முன்பே மீட்டர் போய் நின்றார். விளக்கு, பிரேக், புகை எல்லாம் தேறின. கடைசியில் ஆய்வாளர் எஞ்சினைச் சற்றே முடுக்கச் சொன்னபோது உள்ளே எதுவோ பூனை மிதிபட்டதுபோலக் கத்தியது. ஆய்வாளர் முப்பத்தைந்து வயதுப் பெண். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார்.

"பெல்ட் வெடிச்சிருக்குங்க ஐயா. வரி வரியா பிளந்திருக்கு பாருங்க. இது அறுந்தா டைனமோ, தண்ணி பம்ப், ஸ்டியரிங் எல்லாம் ஒண்ணா நின்னுடும். மாத்திட்டுக் கொண்டாங்க. கடைசி நாள் மூணு மணிக்கு நேரம் போட்டுத் தரேன். அதுக்கு முன்னால இடமில்ல."

மீட்டர் அங்கிருந்து நேராக உதிரிபாகக் கடைக்குப் போனார். நோட்டைப் பிரித்து வைத்தார். ஆறு வரிப் பெல்ட், நீளம் 1755 மில்லிமீட்டர் என்று பதினைந்து வருடத்துக்கு முந்தைய கட்டத்தில் இருந்தது. அதற்குக் கீழே பதினோரு வருடத்துக்கு முன்பு இன்னொரு முறை மாற்றியதும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே அளவு.

கடைக்காரர் நோட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. "பழசக் கழட்டிக் கொண்டாங்க சார். பக்கத்துல வச்சு அளந்து எடுத்துத் தரேன். நாங்க அப்படித்தான் குடுப்போம்."

"பழசு வண்டில ஓடிட்டிருக்கு. அதக் கழட்டிட்டு நான் எதுல வர்றது?"

"ஆட்டோல வாங்க."

"நீளம் இங்க எழுதியிருக்குங்க."

"நோட்டு பேசாது சார். ரப்பர் பேசும்."

"இது என் நோட்டு" என்றார் மீட்டர்.

அதற்குமேல் கடைக்காரர் வாயைக் கொடுக்கவில்லை. அந்த நீளம் கையிருப்பில் இல்லை, வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார். வந்து சேரப் பத்து நாள் ஆயிற்று. வியாழக்கிழமை மாலை கையில் வாங்கிய பெல்ட்டின் அட்டை உறையில் 1755 என்றே இருந்தது. மீட்டர் நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். கடைசித் தேதி மறுநாள், வெள்ளிக்கிழமை.

முன்பெல்லாம் வண்டியைப் பார்த்த மெக்கானிக் பட்டறையை மூடிவிட்டு மகனோடு வேறு தேசம் போய்விட்டார். புதிய பட்டறைக்காரர்கள் பழைய வண்டி என்றாலே வரும் வாரம் பார்க்கலாம் என்றார்கள். மீட்டருக்குத் திருகாணி புதிதில்லை. வாழ்நாளில் ஆயிரம் தண்ணீர் மீட்டரைப் பிரித்துப் பூட்டியவர். தானே செய்வது என்று முடிவு செய்து, மனைவியின் தம்பியைத் துணைக்கு அழைத்தார். அவர் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே வாய் ஓடத் தொடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்துக்கு வீட்டு முன்னால் வண்டியின் முன் வலது பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார்கள். அந்த அம்மாள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் உயர நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே பார்த்தார்.

"அக்கா, அத்தான் நட்டு கழட்டுற அழகப் பாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டப்பா. நாலு நட்டுக்கு நாலு டப்பா."

"நீ ஒண்ண வாய்ல போட்டு முழுங்கிடுவேன்னு பயமா இருக்கும்" என்றார் அவர்.

பெல்ட்டை எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு ஸ்பிரிங் சக்கரம் உண்டு, டென்ஷனர் என்பார்கள். அதைத் திருகுச்சாவியால் நெட்டித் தள்ளிப் பிடித்தால் பெல்ட் தளரும். அந்த நேரத்தில் இன்னொருவர் பெல்ட்டை உருவ வேண்டும். அவ்வளவுதான் வேலை. மீட்டர் நெட்டினார். கண்டக்டர் உருவப்போனார். விரல் நுழையவில்லை. மீட்டரின் கையில் சாவி வழுக்கி, டென்ஷனர் படீரென்று திரும்பிக்கொண்டது. கண்டக்டர் விரலை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னொரு தடவை" என்றார் மீட்டர்.

இன்னொரு தடவையும் அதே கதி. மூன்றாவது தடவைக்குப் பிறகு கண்டக்டர் ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, "எதுக்கு அத்தான் இந்தப் பாடு? எப்படியும் குப்பைக்குப் போற சனியன். பிளேடு குடுங்க, ஒரே இழுப்புல அறுத்துடறேன். புதுச மாட்டும்போது அது வளைஞ்சு குடுக்கும்" என்றார்.

மீட்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதியது ஓடிப் பார்க்கும்வரை பழையதை எறியமாட்டார். பழைய குழாய் வாஷரைக்கூட ஒரு வாரம் சன்னல் விளிம்பில் வைத்திருப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தைந்து. மைத்துனரின் ரத்த விரலைப் பார்த்தார்.

"சரி, அறு" என்றார்.

பெல்ட் அறுந்து இரண்டு முனையும் கீழே தொங்கின. கண்டக்டர் அதைச் செத்த பாம்புபோல வெளியே இழுத்து அக்காவின் நாற்காலிக்குக் கீழே போட்டார்.

புதிய பெல்ட்டை மாட்டுவது அதிசயமாக எளிதாக இருந்தது. டென்ஷனரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. எல்லாப் புல்லிச் சக்கரங்களின் மேலும் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் தொங்கியது. மீட்டர் அடியில் கையை விட்டுப் பார்த்தார். உள்ளங்கை முழுதும் நுழைந்து, அதற்குமேலும் இடமிருந்தது. வழி தப்பிவிட்டது என்று நினைத்துக் கழற்றினார்கள். மறுபடி மாட்டினார்கள். மறுபடி தொங்கியது.

பானட்டின் உட்புறம் பெல்ட் போகும் வழியைக் காட்டும் ஒரு ஒட்டுத்தாள் இருந்தது. கண்டக்டர் அதன் முன்னால் போய் நின்றார். நாற்பது வருடம் பேருந்தில் தலை எண்ணியவர். தாளில் இருந்த வட்டங்களை விரலால் எண்ணினார். குனிந்து எஞ்சினில் இருந்த சக்கரங்களை எண்ணினார். மறுபடி தாளை எண்ணினார்.

"அத்தான், ஒரு ஆள் குறையுது."

"என்ன குறையுது?"

"படத்துல ஆறு பேர். வண்டில அஞ்சு பேர். கீழ வலது மூலைல ஒருத்தன் இறங்கிட்டான்."

மீட்டர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். டார்ச் அடித்தார். கீழ் மூலையில் ஏ.சி. கம்ப்ரசர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்புத் தாங்கிதான் இருந்தது. அதன் போல்ட் துளைகளில் மண் அடைத்திருந்தது. ஒரு துளையில் குளவி கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது.

ஏ.சி. ஓடாது என்பது அவருக்குத் தெரியும். வருடக்கணக்காக ஓடவில்லை. சன்னலைத் திறந்துகொள்வார்கள். கெட்டுப்போனது அங்கேயே கிடக்கிறது என்று நினைத்திருந்தாரே தவிர, அது அங்கே இல்லை என்று தெரியாது. படுத்தபடியே கிடந்தார். அப்போதுதான் அந்தத் தொலைபேசி ஞாபகம் வந்தது.

மனைவி படியில் விழுந்த அன்று, மருத்துவமனை வாசலில் அவரை இறக்கியதும் வண்டி புகைவிட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து இழுத்துப் போனார். மறுநாள் அறுவைக் கூடத்துக்கு வெளியே மீட்டர் நின்றுகொண்டிருந்தபோது கூப்பிட்டார். "சார், ஏ.சி. கம்ப்ரசர் இறுகிப் போச்சு. அதனாலதான் பெல்ட் எரிஞ்சிருக்கு. அத எடுத்துட்டு, சின்ன பெல்ட்டா பாத்துப் போட்டுட்டேன்." அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் கையெழுத்து வாங்கத் தாளோடு வந்தார். மீட்டர் சரி சரி என்றார். மெக்கானிக்குச் சொன்னாரா, நர்ஸுக்குச் சொன்னாரா என்பது இன்றைக்குத் தெரியாது.

நாலு நாள் கழித்து, மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டில் எழுதாமல் விட்டதை எழுதினார். தேதி, 88,915 கிலோமீட்டர், பெல்ட் மாற்றியது. அளவுக் கட்டத்துக்கு வந்தபோது மேலே இருந்த 1755-ஐப் பார்த்தார். அதற்குக் கீழே 'மேற்படி' என்று எழுதினார்.

முப்பத்தொரு வருடத்தில் எழுதாத சொல். அந்த நோட்டில் அது அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

அவர் வெளியே வந்து, கையைத் துடைத்து, நோட்டைக் கொண்டுவந்து அந்தக் கட்டத்தை மனைவியிடம் காட்டினார். அவர் படித்தார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"போன வருஷத்து அளவ வச்சு நான் யாருக்காவது தைச்சிருக்கேனா?" என்று கேட்டார். "வாரா வாரம் வர்ற பிள்ளையா இருந்தாலும் டேப்ப எடுத்துத்தான் அளப்பேன். உடம்பு மாறும்."

"டேய், அந்தப் பழசக் குடு" என்றார் அவர் தம்பியிடம். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, அறுந்த பெல்ட்டைத் தரையில் நேராக இழுக்கச் சொல்லி, குனிய முடியாததால் சொல்லிச் சொல்லி அளக்க வைத்தார். ஐம்பத்தேழரை அங்குலம். மீட்டர் மனதிலேயே பெருக்கினார். 1460. புதிய பெல்ட் அதைவிட ஒரு சாணும் மூன்று விரலும் நீளம்.

உதிரிபாகக் கடைக்குத் தொலைபேசி போட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று கடைக்காரர் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மீட்டருக்குத் தோன்றியது. "1460 என்கிட்ட இல்ல சார். திங்கக்கிழமை வரவழைக்கலாம்" என்றுதான் சொன்னார். அடுத்த கடையில் தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்கடுத்த கடையில் இருக்கிறது என்றார்கள். கண்டக்டர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு பறந்தார். நகரத்தின் அந்தக் கோடி. ஒன்றரை மணிக்கு வெறுங்கையோடு திரும்பினார்.

"அலமாரில அட்டை இருக்கு அத்தான். நம்பர் அழகா எழுதி ஒட்டியிருக்கு. பின்னால பெல்ட் இல்ல. எப்பவோ வித்துட்டானாம், எழுதல."

அந்த அம்மாள் இதற்குள் அறுந்த பெல்ட்டின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "தைச்சுத் தரட்டுமா?" என்றார். தோல் ஊசி, மெழுகு நூல் எல்லாம் அவரிடம் இருந்தது. மீட்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுற்றும் இடம், தையல் தாங்காது என்று அந்த அம்மாளுக்கும் தெரியும். அவர் முனைகளைக் கீழே விட்டார்.

ஒன்று நாற்பது. ஆய்வு மையம் மூன்று புள்ளி நாலு கிலோமீட்டர். பெல்ட் இல்லாமலும் எஞ்சின் ஓடும். தண்ணீர் பம்ப் சுற்றாது, சூடாகும். நிறுத்தி நிறுத்தி ஆற வைத்தால் போய்விடலாம். போனாலும் தேறாது என்று மீட்டருக்குத் தெரியும். ஆனால் குறித்த நேரத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவரால் முடியாத காரியம்.

சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கியபோது, அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றிருந்தார். "நானும் வரேன்."

"நீ எதுக்கு? நடுவழில நின்னுட்டா உன்ன எப்படிக் கொண்டாறது?"

"அந்தப் பொண்ணு வண்டியத்தான் பாத்திருக்கு. வண்டி யாருக்குன்னு பாக்கல. நான் உக்காந்திருந்தா பாக்கும்."

மீட்டர் மறுக்க வாயெடுத்தார். காலையிலிருந்து தான் எடுத்த முடிவுகளை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார். கால் நேராக உள்ளே போனது.

கண்டக்டர் இரண்டு கேன் தண்ணீரோடு பின்னால் ஏறி, பழக்கத்தில் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போகலாம்" என்றார்.

ஸ்டியரிங் கல்லாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் மீட்டர் தோளைக் கொடுத்துத் திருப்பினார். பாட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. சூட்டு முள் ஏறிக்கொண்டே போனது. முதல் கிலோமீட்டரில் ஒரு மரநிழல், இரண்டாவதில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம். நிறுத்தி, பானட்டைத் திறந்து, மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இறங்கும் அழகைப் பார்த்தால் தன் வேலையை வெறுக்கும் குமாஸ்தா போல இருந்தது.

"இதுக்கு முன்னால இவ்வளவு நேரம் நம்ம மூணு பேரும் ஒண்ணா உக்காந்ததே இல்ல" என்றார் கண்டக்டர்.

இரண்டு ஐம்பதுக்கு மையத்துக்குள் நுழைந்தார்கள். ஆய்வாளர் அவரை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். பானட்டைத் திறந்தார். டார்ச் அடித்தார். வெறும் புல்லிகள்.

"பெல்ட் எங்கங்க ஐயா?"

மீட்டர் புதிய பெல்ட்டைக் காட்டினார். அறுந்ததைக் காட்டினார். நோட்டைக் காட்டினார். நடந்ததை வரிசையாக, ஒன்றையும் மறைக்காமல், நேரத்தோடு சொன்னார். ஆய்வாளர் முழுதும் கேட்டார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இருபத்திரண்டு வருடத்தையும் பார்த்தார்.

"இந்த மாதிரி நோட்டு நான் எந்த வண்டிக்கும் பாத்ததில்லீங்க ஐயா" என்றார்.

பிறகு அவர் கண் முன்சீட்டுக்குப் போனது. நீட்டிய கால், கழற்றிய பெட்டியின் வெற்றிடம், பின்னால் தள்ளிய தண்டவாளம். சன்னலருகே போய்க் குனிந்தார்.

"எத்தனை வருஷமாம்மா இப்படி?"

"பதினொண்ணு. இந்தச் சீட்டுதான் எனக்குப் பொருந்தும். வேற எதுலயும் கால் நுழையாது."

ஆய்வாளர் நிமிர்ந்து, எதிரே தரையில் பதித்திருந்த சோதனை உருளையைக் காட்டினார். "உருளை மேல ஏத்திப் பத்து நிமிஷம் ஓட்டணும்மா. அளவெல்லாம் மெஷினே எடுத்து மெஷினே அனுப்பும். நான் எழுதற மாதிரி இருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். "தேதி இன்னைக்கு சாயங்காலம் தானா மூடிடும். என் கையில இல்ல."

"எழுதற மாதிரி இருந்தாலும் இல்லாத பெல்ட்ட இருக்குன்னு எழுத வேண்டாம்மா" என்றார் மீட்டர். அதைச் சொன்ன பிறகு மனைவியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

வண்டியை உருளையில் ஏற்றினார்கள். ஏற்றாமல் விட்டால் வராத வண்டி என்று பதிவாகும் என்பதால் ஏற்றினார்கள். நாலாவது நிமிடத்தில் முள் சிவப்பைத் தொட்டது. மீட்டரே கையை நீட்டி எஞ்சினை அணைத்தார். அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. தேறவில்லை. கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: இந்த வாகனம் இனிச் சாலையில் தானாக ஓடக் கூடாது.

அந்த வரியைப் படித்த பிறகுதான் மூன்று பேருக்கும் அடுத்த கேள்வி உறைத்தது. அந்த அம்மாள் வீட்டுக்கு எதில் போவது.

ஆய்வாளர்தான் வண்டி தூக்கும் லாரியை வரவழைத்தார். ஓட்டுநர் பருத்த ஆள். சரிவுப் பலகையை இறக்கி, இரும்புக் கயிறு மாட்டிவிட்டு, முன்சீட்டைப் பார்த்தார்.

"அம்மா இறங்கணும். மேல ஏத்தின வண்டில ஆள் இருக்கக் கூடாது."

"எறங்கி?" என்றார் அவர்.

"எங்கூட முன்னால உக்காருங்க."

"உங்க லாரி முன்சீட்டுல என் கால எங்க வைக்கிறது, உங்க மடிலயா?"

கண்டக்டர் ஓட்டுநரைத் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப்போய், ஒரு பேருந்துக்காரன் இன்னொரு வண்டிக்காரனிடம் பேசும் பேச்சைப் பேசினார். ஓட்டுநர் வந்து தலையைச் சொறிந்தார்.

"ரசீதுல சாமான்தான் எழுத முடியும். ஆள் எழுத முடியாது."

"சாமான்னே எழுதிக்குங்க" என்றார் அந்த அம்மாள். "பதினோரு வருஷமா இந்தச் சீட்டோட சேர்ந்த சாமான்தான்."

ஓட்டுநர் ரசீதை நீட்டினார். 'பழைய கார் ஒன்று' என்று இருந்தது. உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று அதில் இல்லை. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவர் மீட்டர். படித்தார். திருத்தச் சொல்லவில்லை. போட்டார்.

இரும்புக் கயிறு முனகிக்கொண்டே இழுத்தது. கார் அந்த அம்மாளோடு மெல்லச் சரிவில் ஏறி, லாரியின் முதுகில் போய் நின்றது. நாலு சக்கரத்தையும் சங்கிலியால் கட்டினார்கள். இவ்வளவு உயரத்தில் அவர் உட்கார்ந்து மீட்டர் பார்த்ததில்லை. ஒருமுறை ஏறி, சன்னல் வழியாக அவர் பக்கத்துச் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் மாட்டியிருந்தது. இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.

"போங்க, விழமாட்டேன்" என்றார் அவர்.

லாரி முன்சீட்டில் ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் நடுவில் மீட்டர் ஒடுங்கி உட்கார்ந்தார். பின்பக்கம் தகர அடைப்பு. திரும்பினாலும் எதுவும் தெரியாது. பக்கக் கண்ணாடியில் காரின் ஒரு விளக்கும் கொஞ்சம் பம்பரும் மட்டும் தெரிந்தன. ஓட்டுநர் சொன்னபடி மெதுவாகத்தான் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் மீட்டர் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தார், அதைப் பிடித்தால் மேலே இருப்பவருக்குக் குலுங்காது என்பதுபோல.

கண்டக்டரின் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு மீட்டரிடம் நீட்டினார். "அக்கா. மேல இருந்து பேசறா."

"என்னம்மா, கால் வலிக்குதா?"

"இல்ல. நாளைக்குச் சனிக்கிழமை இல்லையா. துணிக்கடைத் தெரு வழியாப் போகச் சொல்லுங்க."

மீட்டர் கேட்டார். ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தெருவுல லாரி நுழையாதுங்க. முனைல வேணா ஓரமா நிறுத்தறேன், ஒரு நிமிஷம்" என்றார்.

தெரு முனையில் லாரி நின்றது. பின்னால் ஒரு பேருந்து ஒலி எழுப்பியது, பிறகு இன்னொன்று. தெருவுக்குள் இருந்து யாரோ சத்தமாகக் கூப்பிட்டார்கள். யாரை என்று தெரியவில்லை. மீட்டர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அதில் காற்றுதான் கேட்டது. கைக்கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை. அந்த உயரத்திலிருந்து தெருவில் எவ்வளவு தூரம் தெரியும், எந்தக் கடைவரை தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

"பாத்துட்டேன்" என்றார் அவர் மனைவி. "போகச் சொல்லுங்க."